அசதி குடித்த கருவிகள்

சந்தையடியூர் ஜனங்களின் அசதி முழுவதும் ஒரு எவர்சில்வர் தட்டில் வந்து சேரத் தொடங்கிய காலத்தில், அந்தத் தட்டைக் கழுவுகிற வேலை பிரம்மசக்தியிடம் இருந்தது. அவளாகக் கேட்டு வாங்கிய வரம் இல்லை அது. டாக்டர் கோமதிநாயகத்தின் எலும்பு ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் தியேட்டருக்குப் பின்னால் சன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில், குழாயடியில் நின்றபடி, ரத்தம் காய்வதற்குள் கருவிகளைத் தேய்த்து, அலசி, துடைத்து, நீராவிப் பெட்டிக்குள் அடுக்கி வைப்பதுதான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பார்த்த பிழைப்பு. கத்தி கழுவினாள், கத்தரி கழுவினாள், எலும்பு அறுக்கிற ரம்பமும் ஆணி முடுக்குகிற திருப்புளியும் கழுவினாள். எதுவும் அவளை ஒன்றும் செய்யவில்லை.

முட்டு தைக்கிற கருவிகள் வந்த பிறகுதான் எல்லாம். முழங்காலுக்குள்ளே, மேலெலும்புக்கும் கீழெலும்புக்கும் நடுவில், பிறை வடிவத்தில் மெத்தைபோல ஒரு குருத்து உண்டு; ஊரில் அதை ஜவ்வு என்பார்கள். மூட்டை தூக்கி, கபடி ஆடி, நாளெல்லாம் சம்மணம் போட்டுப் பீடி சுற்றி அது கிழிந்துபோனால், முன்பெல்லாம் நொண்டிக்கொண்டே காலத்தை ஓட்டிவிடுவார்கள். இப்போது முட்டில் சின்னதாக இரண்டு ஓட்டை போட்டு, ஒன்றில் கேமரா வைத்த குழலை விட்டு உள்ளே இருப்பதை டிவியில் பார்த்துக்கொண்டே, இன்னொன்றில் கொக்கியை விட்டுக் கிழிசலைத் தடவி, எறும்பு வாய் அளவுள்ள இடுக்கியால் பிசிறைக் கடித்தெடுத்து, வளைந்த ஊசியால் நூல் கோத்துத் தைத்துவிடுகிறார்கள். அந்தக் கொக்கியும் இடுக்கியும் ஊசியும் குழலும் துளை போட்ட ஒரு தட்டில் படுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் வந்து இறங்கியது ஆயுத பூசை அன்று. எல்லாக் கருவிக்கும் சந்தனப் பொட்டு வைத்து, பொரிகடலை படைத்து, மறுநாள் காலை வரை எதையும் தொடக்கூடாது என்று வைத்திருந்தார்கள். புதுத் தட்டையும் அந்த வரிசையில் சேர்த்து அதற்கும் பொட்டு வைத்தது பிரம்மசக்திதான்.

அன்று மத்தியானமே அவள் புருஷன் சிவனணைஞ்சானைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சந்தையில் மூட்டை இறக்குகிறவன். எவனோ கடை வாசலில் திருஷ்டி கழித்து நடுரோட்டில் போட்டு உடைத்த பூசணிக்காயில், தலையில் வெங்காய மூட்டையோடு கால் வைத்துச் சறுக்கி, முட்டு திருகி, மடங்கிய கால் மடங்கியபடியே பூட்டிக்கொண்டுவிட்டது. வலிக்கு ஊசி போடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்றார் டாக்டர். பிரம்மசக்திக்குப் பொறுக்கவில்லை. அவளே போய்ப் பூசையிலிருந்த தட்டை எடுத்து, சந்தனத்தைக் கழுவி, ஆவியில் வைத்து, டாக்டரின் முன்னால் கொண்டுபோய் நின்றாள். வருஷத்தில் ஒரே ஒரு நாள் ஓய்வு என்று வைத்த பொருளை வந்த அன்றைக்கே வேலைக்கு இழுத்தது தப்பு, ஓய்வென்றால் என்னவென்று தெரியாத கருவி அதைத் தெரிந்துகொள்ள மனுஷரின் அசதியைத் தேடிக் குடிக்கிறது என்று பிற்பாடு பூசாரி சொன்னார். அதெல்லாம் இல்லை, ஆவிப்பெட்டிக்கு ஊற்றுகிற தண்ணீர் சரியில்லை என்றார் மருந்துக்கடைக்காரர். டாக்டருக்கு இதையெல்லாம் கேட்க நேரமில்லை, அவருக்கு வேலை இருந்தது.

போகும்போது ஒரு கையில் பிடித்துக் கொண்டுபோன தட்டு, ஆபரேஷன் முடிந்து திரும்பி வரும்போது இரண்டு கைக்கும் கனத்தது. நனைந்த துணியை விலக்கி, சோப்புத் தண்ணீரில் கருவிகளை அமிழ்த்தி, குழலுக்குள் பிரஷ்ஷை விட்டு இழுத்து, இடுக்கியின் வாயைத் திறந்து திறந்து தேய்க்கத் தேய்க்கக் கருவிகள் இலேசாகிக்கொண்டே வந்தன, அவள் கனத்துக்கொண்டே போனாள். கையுறை போட்டிருந்தாள், பிரயோசனமில்லை. இருபது வருஷம் மூட்டை சுமந்த ஒருவனின் தோளும் இடுப்பும் பிடரியும் அவள் உடம்பில் வந்து இறங்க, ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பதறிப்போய் ஓடிவந்த சிஸ்டரிடம், புருஷனுக்கு அடிபட்ட கவலையில் தலை சுற்றுகிறது என்று சொன்னாள். பிரம்மசக்தியும் அப்படித்தான் நினைத்தாள்.

சிவனணைஞ்சான் தேறி எழுந்தான். எழுந்தவன் பிறகு உட்காரவில்லை. மற்ற ஆட்கள் ஒரு லாரி இறக்கிவிட்டு மரத்தடியில் சாயும்போது அவன் அடுத்த லாரிக்குப் போனான், அது முடிந்து அரிசி மில்லுக்குப் போனான், மில் முடிந்து எவர் வீட்டுக்கோ கிணறு தூர்வாரப் போனான். உடம்பில் வலி இருந்தது, பசி இருந்தது, அசதி மட்டும் இல்லை. முன்பெல்லாம் சாயங்காலம் குளித்துவிட்டு வந்து, அவள் சோறு போடும்போது ஏதோ சந்தைக் கதை சொல்ல ஆரம்பித்து, கதை பாதியில் இருக்கும்போதே வாயில் சோற்றோடு கண் சொக்கி அவள் தோளில் சாய்வான். கதையின் முடிவை மறுநாள்தான் அவள் கேட்பாள். அது போயிற்று. இப்போது நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, நின்றபடியே அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு வெளியே போய்விடுவான். அவன் மேல் அவளுக்கு வந்த கோபத்துக்குப் பெயர் வைக்கத் தெரியாமல், ஆம்பிளைக்குக் கால் நல்லாகிவிட்டால் பெண்டாட்டி தேவையில்லை போலிருக்கிறது என்று சிஸ்டரிடம் சொல்லி அழுதாள்.

ஊருக்கு விஷயம் தெரிய எவ்வளவு நேரமாகும்? முட்டு தைத்துக்கொண்டால் அசதி போய்விடுமாம் என்று முதலில் சந்தையில் பேசினார்கள், பிறகு பீடிக் கம்பெனியில், பிறகு பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் மத்தியில். டாக்டர் கண்டிப்பானவர், ஸ்கேனில் கிழிசல் தெரியாமல் கத்தியைத் தொடமாட்டார். அதனால் கிழிசலுக்கு மவுசு வந்தது. பேரன் பேத்தி எடுத்தவர்கள் கபடிக் கோட்டில் இறங்கினார்கள், நல்ல மனுஷர்கள் கல்மண்டபத்திலிருந்து குதித்தார்கள், ஸ்கேனை நீட்டி ஜவ்வு முழுசாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னால் முகம் வாடித் திரும்பினார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் பையனுக்கு முட்டு தைத்தாகிவிட்டதா என்று கேட்பது சாதாரணமாயிற்று. ஒவ்வொருவராகத் தைத்துக்கொண்டு எழுந்து போக, ஒவ்வொரு தட்டும் கனத்துக்கொண்டு பின்னறைக்கு வர, பிரம்மசக்தி பீடி சுற்றினவளின் கழுத்தையும், வாத்தியாரின் தொண்டையையும், கண்டக்டரின் குதிகாலையும், மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவனின் நெஞ்சையும் கழுவிக் கழுவித் தனக்குள் வாங்கிக்கொண்டாள்.

அசதி இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று அதற்கு முன்னால் யாரும் யோசித்துப் பார்த்ததில்லை. எதுவும் முடிவுக்கு வராது, அதுதான் தொல்லை. கடைகளைச் சாத்த யாருக்கும் தோன்றவில்லை. காதுகுத்துக்கு வந்த உறவுக்காரர்கள் பந்தலைப் பிரித்த பிறகும் பேசிக்கொண்டிருந்தார்கள். வேலித் தகராறில் வாய்ச்சண்டை தொடங்கிய அண்ணன் தம்பிக்கு, யாராவது ஒருவன் அலுத்துப்போய் சரி விடு என்று சொல்கிற கட்டம் வரவே இல்லை. பீடி சுற்றுகிற சொர்ணக்கிளியின் மகன் விஷக்காய்ச்சலில் போனபோது, அவள் அழுத அழுகை எட்டாம் நாள் ஆயிற்று, பதினாறும் ஆயிற்று, ஓயவில்லை. மற்ற தாய்மார்கள் அழுது களைத்துத் தங்களை அறியாமல் கண்ணயர்ந்து, அந்தத் தூக்கத்தில்தான் துக்கத்தைக் கொஞ்சம் கீழே வைப்பார்கள், இவளுக்கு அது இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து, கருவி கழுவுகிறவள் நீதான் ஏதாவது செய்யவேண்டும் என்று பிரம்மசக்தியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் யோசித்து, அன்று கருவி அலசிய கடைசித் தண்ணீரில் ஒரு செம்பு மொண்டுபோய் சொர்ணக்கிளியின் பாதத்தில் ஊற்றினாள். சொர்ணக்கிளி ஒரு பெருமூச்சு விட்டு, சுவரில் சாய்ந்து, மறுநாள் உச்சிப்பொழுது வரை தூங்கினாள்.

அதற்குப் பிறகு அலசுத் தண்ணீருக்கு ஆள் வந்துவிட்டது. ஒரு செம்பில் இருக்கிற அசதி ஒரு சாயங்காலத்துக்குக் காணும், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சாயங்காலம் போதும் என்றிருந்தது ஜனங்களுக்கு. விருந்தாளிகளைக் கிளப்ப வாசலில் தெளித்தார்கள், பஞ்சாயத்து முடிய நாட்டாமைக்காரர்களின் நாற்காலிக்கடியில் தெளித்தார்கள், அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஆளுக்கொரு வாளியோடு வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஊர் அதைப் பழகிக்கொண்டுவிட்டது. பால் வாங்கப் போவதுபோல் பாத்திரம் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பின்வாசலில் நின்றார்கள், உள்ளே குழாயடியில் நிற்கிறவளின் முதுகு எப்படி வளைந்திருக்கிறது என்பதைத் தவிர மற்றதையெல்லாம் பேசினார்கள்.

ஆனால் முதல் சோப்புத் தண்ணீரில் கை வைக்கிறவளுக்குள் ஏறியது ஏறியதுதான், அதை இறக்கி வைக்க வழி இல்லை. பிரம்மசக்தி சீப்பைத் தூக்கித் தலை வாரவே யோசித்தாள். தன் பெயரைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். படுத்தால் தூக்கம் வருகிறதா என்றால் அதுவும் இல்லை, அத்தனை பேரின் அசதியும் ஒரே கட்டிலில் நெருக்கியடித்துப் படுத்தால் யாருக்குத் தூக்கம் வரும்? ஒருநாள் தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது பாதம் ஈரத்தில் ஒட்டி நிற்க உடம்பு மட்டும் திரும்ப, முட்டுக்குள்ளே துணி கிழிவதுபோல் ஒன்று கேட்டது. அவளுக்கு ஸ்கேன் வேண்டியிருக்கவில்லை, இருந்தாலும் டாக்டர் எடுத்தார். பெரிய கிழிசல், தைக்காமல் விட்டால் நடக்க முடியாது என்றார், சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் எதை யோசிக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளைத் தைத்த கருவிகளை யார் கழுவுவது? அவள் ஒருத்தியின் அசதி இல்லையே அது.

ஊர் கூடியது. நல்லவர்கள்தான் எல்லோரும், கல்நெஞ்சக்காரர்கள் என்று ஒருவரைக் கைகாட்ட முடியாது. ஆனால் தட்டை நினைத்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. சிஸ்டருக்குக் கைக்குழந்தை இருந்தது. வார்டு பையனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். ஆற்றில் போட்டுவிடலாம் என்றால் கீழே உள்ள ஊர்க்காரர்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். கழுவாமல் போட்டால் ரத்தம் காய்ந்து கருவி கெட்டுவிடும், அடுத்துக் காத்திருக்கிறவர்கள் விடமாட்டார்கள். கடைசியில் வியாபாரிகள் சங்கத்தார் ஒரு முடிவுக்கு வந்து, பிரம்மசக்திக்கு மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி, அவளுடைய சேவை ஊருக்கு இன்னும் நெடுநாள் தேவை என்று பேசி, உட்கார்ந்தபடியே கழுவுவதற்கு வசதியாக உயரமான ஒரு ஸ்டூலைப் பரிசாகக் கொடுத்தார்கள். பொன்னாடையின் கனம் தாங்காமல் அவள் தோள் சரிந்ததைப் பணிவு என்று எண்ணிக் கை தட்டினார்கள்.

ஸ்டூலை வீட்டுக்குத் தூக்கி வந்தவன் சிவனணைஞ்சான். வைத்துவிட்டு, ஏதோ லோடு வந்திருக்கிறது என்று திரும்பினான். அவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள், நின்றாள் என்றால் நிலைக்கட்டையைப் பிடித்துத் தொங்கினாள்.

"எனக்கு இந்தக் காலு தைக்கணும்."

"தைப்போம்ளா. நான் வேண்டாம்னா சொன்னேன்? டாக்டர்ட்ட பேசுதேன்."

"டாக்டரு தைப்பாரு. தட்டை யாரு கழுவுவா?"

அவன் கால் மட்டும் நின்ற இடத்திலேயே மாறி மாறி மிதித்துக்கொண்டிருந்தது.

"நான் அசந்து சாவுதேன், நீங்க அசராம ஓடுதீய. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு பக்கத்துல உக்காந்தீயளா? ஆயுத பூசைன்னும் பாக்காம அந்தத் தட்டை எடுத்தேனே, யாருக்காவ எடுத்தேன்?"

உட்காரு என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டான், தொடையில் கை வைத்து அழுத்தி மறுபடியும் உட்கார்ந்தான், மறுபடியும் எழுந்தான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், அவளை இலேசாகத் தூக்கி ஒருபுறம் நிறுத்திவிட்டு வெளியே போனான். அவள் அன்று அழவில்லை, அழவும் தெம்பு வேண்டியிருந்தது. மறுநாள் காலையில் டாக்டரிடம் போய், யார் கழுவினாலும் சரி, கழுவாமலே போனாலும் சரி, என்னைத் தைத்துவிடுங்கள் என்றாள்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போனபின் அவளுக்கு டிவியில் தன் முட்டின் உள்பக்கம் தெரிந்தது. வெள்ளை வெளேரென்று சத்தமே இல்லாத இடமாக இருந்தது, அங்கே கிழிந்த குருத்தின் நுனி தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. டாக்டர் கொக்கியை நுழைத்த மாத்திரத்தில் அவர் கை கீழே இறங்கியது. இடுக்கியை எடுத்துக் கொடுக்கச் சிஸ்டர் இரண்டு கையையும் கொடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தையலுக்கும் ஒன்று அவளைவிட்டுப் போயிற்று. வாத்தியாரின் தொண்டை போயிற்று, கண்டக்டரின் குதிகால் போயிற்று, பீடி சுற்றினவளின் கழுத்து போயிற்று, சன்னமான பெருமூச்சுகளாக ஊரே இறங்கிப் போயிற்று, கடைசியாக இருபது வருஷத்து மூட்டைகள் அவள் பிடரியிலிருந்து இறங்கியபோது கருவித் தட்டை வைத்திருந்த மேசையின் கால் வளைந்தது.

தட்டை யாராலும் அசைக்க முடியவில்லை. வார்டு பையன் முயன்று பார்த்தான், ஆம்புலன்ஸ் டிரைவரும் சேர்ந்து பார்த்தான். ரத்தம் காய்ந்துகொண்டிருந்தது. கனமான பொருளுக்கு ஊரில் யாரைக் கூப்பிடுவார்களோ அவர்களைத்தான் கூப்பிட்டார்கள். சந்தைக்கு ஆள் போயிற்று. சுமை ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். சிவனணைஞ்சான் முன்னால் வந்து குனிந்து தட்டுக்கடியில் விரலைக் கொடுத்தான். சுமக்கிறவனுக்குப் பொருளைப் பார்க்க வேண்டியதில்லை, தூக்கினால் தெரியும். அவனுக்குத் தெரிந்தது. முகம் கோணி, கழுத்து நரம்பு புடைக்க, சுவரோரமாக ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்துப் பின்னறைத் தொட்டியில் தட்டை இறக்கினான். வைத்துவிட்டு வா என்றார்கள் வாசலில் நின்றவர்கள். தூக்கினவன்தான் இறக்க வேண்டும், பாதியில் அடுத்தவன் தலைக்கு மாற்றக்கூடாது என்பது சந்தை வழக்கம், எந்தச் சுமைக்கும் அதுதான். அவன் சிஸ்டரிடம் எப்படிக் கழுவ வேண்டும் என்று கேட்டான். குழலுக்குள் பிரஷ்ஷை விட வேண்டும், இடுக்கியின் வாயைத் திறக்க வேண்டும் என்று சிஸ்டர் வாசலில் நின்றே சொன்னாள். அவன் குழாயைத் திறந்தான்.

வார்டில் படுத்திருந்த பிரம்மசக்திக்குத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நடுவில் ஏதோ விழுந்து உருளுவது கேட்டது, பிறகு மறுபடியும் தண்ணீர். சாயங்காலம், காலில் உணர்வு திரும்பி ஊசி குத்துவதுபோல் இருந்த நேரத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு அவன் வந்தான். கட்டிலருகே வந்து, தரையில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

"ஏளா," என்றான். நாக்கு குழறியது. "இம்புட்டையும் நீயா சொமந்த?"

அவள் அவன் தலையில் கை வைத்தாள். அவன் வெங்காய லாரி ஒன்றைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கி, லாரியின் நம்பர் வரைக்கும் வந்து, கட்டில் விளிம்பில் கன்னத்தை வைத்துத் தூங்கிப்போனான். வாய் திறந்திருந்தது. நரைமயிர் இவ்வளவு எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. எத்தனையோ மாதமாக அவள் கேட்டது இதைத்தான், கேட்டது கிடைத்துவிட்டது, சந்தோஷத்தில் அவள் கண் நிறைந்தது.

கண்ணைத் துடைத்ததும் அவள் கை சும்மா இருக்கவில்லை, போர்வையை மடித்தது. மடித்ததைப் பிரித்து இன்னும் நேர்த்தியாக மடித்தது. மருந்துச் சீட்டை எடுத்துத் தலையணைக்கடியில் வைத்தது, தண்ணீர் பாட்டிலைத் துடைத்தது. கட்டுப் போட்ட காலே கட்டிலைவிட்டு இறங்கப் பார்த்தது. உடம்பில் எங்கேயும் அசதி இல்லை, பின்னறையில் தரை ஈரமாகக் கிடக்கும், அதைத் துடைக்கலாம், வீட்டில் பாத்திரம் கிடக்கும், தண்ணீர் பிடிக்கலாம், எழுந்திரு எழுந்திரு என்று ரத்தமே அவளைப் பிடித்துத் தள்ளியது. அவன் மூச்சு அவள் கையில் பட்டுக்கொண்டிருந்தது, அந்த இடத்தில்கூட அவளால் கையை வைத்திருக்க முடியவில்லை. அவன் உட்காராமல் போன சாயங்காலங்கள் எல்லாம் அப்போதுதான் அவளுக்கு விளங்கின. அவன் மேல் வைத்திருந்த கோபத்துக்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அவன் தூங்கினான். எழுந்து போய்விடாமல் இருப்பதற்காக, அவள் இரண்டு கையாலும் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.